இந்தியரும் இதரரும்

25 ஏப்ரல் 2023, செவ்வாய்

இந்தியா சீனாவை முந்திவிட்டதாம். காலையிலிருந்து ஏழெட்டுப் பேர் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். கொடி, பட்டாசு, கைதட்டும் பொம்மை. நூற்று நாற்பத்திரண்டு கோடி, உலகத்திலேயே முதலிடம். ஏதோ இவர்களே இரவு பகலாகப் பாடுபட்டு முந்தவைத்ததுபோல அப்படி ஒரு பெருமை. அனுப்பியவர்களில் பாதிப் பேருக்கு ஒரே பிள்ளை. மீதிப் பேருக்குப் பூனை.

அங்கே 2021இல் எடுக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கையே இன்னும் எடுக்கவில்லை. ஐ.நா. சபை குத்துமதிப்பாகச் சொன்னதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம். பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் புவியியல் சொல்லிக்கொடுத்தவன் என்ற உரிமையில் இதைக் குழுவில் எழுதினேன். "ரத்னவேல் சார் எப்பவுமே இப்படித்தான்லா" என்று பதில் வந்தது.

நூற்று நாற்பத்திரண்டு கோடி. எனக்கு வேண்டியது அதில் ஒரே ஒரு குடும்பம். புக்கிட் பாத்தோக்கில் இருக்கும் இந்த நாலறை அடுக்குமாடி வீட்டை வாங்க ஒரு குடும்பம். அதைக் காணோம்.

ஏன் இந்தியரையே தேட வேண்டும்? ஏனென்றால் இந்த ஊர் அரசாங்க வீடுகளில் புளோக்குக்குப் புளோக்கு, அதாவது கட்டடத்துக்குக் கட்டடம், இன விகிதாசாரம் என்று ஒரு வரம்பு இருக்கிறது. எங்கள் புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பிவிட்டது. சீனர் விற்றால்தான் இங்கே சீனர் வாங்க முடியும். நான் விற்பதானால் மலாய்க்காரருக்கு விற்கலாம். இல்லாவிட்டால் "இந்தியர் மற்றும் இதரர்" என்ற பெட்டியில் இருப்பவருக்கு விற்கலாம். அது என்ன பெட்டியோ! உலகத்தில் சீனரும் மலாய்க்காரரும் போக மிச்சம் இருக்கிற அத்தனை பேரும் நாங்கள்தான்.

விற்காமல் இருக்கவும் முடியாது. போன வருடம் அன்னம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது காலும் கையும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. வாய் மட்டும் பழையபடி. சக்கர நாற்காலிதான். இந்தப் புளோக்கில் லிஃப்ட் எங்கள் மாடியில் நிற்காது, ஒரு மாடி கீழே நின்றுவிடும். சுற்றியுள்ள புளோக்குகளை எல்லாம் சரிசெய்துவிட்டார்கள். எங்கள் கட்டடத்தின் அமைப்புக்கு முடியாதாம். ஆஸ்பத்திரி நாளில் மருமகன் ராஜீவ் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு படியிறங்குவான். மற்ற நாளில் அவள் வரமாட்டாள். "மூட்டை மாதிரி இருக்குங்க, வேணாம்" என்பாள். மாலையானால் கீழே போய் நாலு புளோக்கு வம்பையும் அளந்துவிட்டு வருபவள், இப்போது சன்னலோரத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

செங்காங்கில் மகள் நிரஞ்சனாவின் பக்கத்துப் புளோக்கில் ஒரு வீடு பார்த்துவைத்திருக்கிறோம். லிஃப்ட் வாசலிலேயே நிற்கும். ஆகஸ்ட் கடைசி வரை பொறுக்கிறேன் என்று அந்த வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்திருக்கிறார். இது விற்றால்தான் அது.

29 ஏப்ரல்

வீட்டு முகவர் ருக்சார் வந்து படம் எடுத்துப்போனாள். என் பழைய மாணவி, புவியியலில் ஃபெயில். இன்றைக்கு இந்தத் தீவில் எந்தப் புளோக்கில் எந்த இனத்துக்கு இடமிருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். அன்றைக்கு இந்தோனேசியாவின் தலைநகரம் கேட்டால் வராது.

"ஒவ்வொரு மாசமும் ஒண்ணாந்தேதி கோட்டா அப்டேட் ஆகும் சார். பாத்துக்கிட்டே இருப்போம்" என்றாள்.

அரைமணி நேரம் பேசினாள். வாடிக்கையாளரிடம் பேசுகிற குரலிலேயே என்னிடமும் பேசினாள்.

6 மே

முதல் ஆட்கள். ஹைதராபாத்திலிருந்து வந்த இளம் தம்பதி, கணினி வேலை. வீடு பிடித்தது, காற்றோட்டம் பிடித்தது, அன்னம்மா போட்ட டீயும் பிடித்தது (ஒரு கையால் போடுவாள், உதவிக்குப் போனால் திட்டுவாள்). படியைப் பார்த்து அந்தப் பையன் "எக்ஸர்சைஸ்தானே அங்கிள்" என்றான். எனக்கு வாயெல்லாம் பல்.

ருக்சார் போனில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். இவர்கள் நிரந்தரவாசிகள், இன்னும் குடியுரிமை வாங்காதவர்கள். நிரந்தரவாசிகளுக்கென்று இன்னொரு வரம்பு இருக்கிறதாம். மலேசியர்களுக்கு மட்டும் விலக்கு. அந்த வரம்பும் எங்கள் புளோக்கில் நிரம்பிவிட்டது.

"இந்தியர்தானேம்மா?" என்றேன்.

"இந்தியர்தான் சார். ஆனா இந்தியாலேர்ந்து வந்த இந்தியர்."

இந்தியர் பெட்டிக்குள் போக முடியாத அளவுக்கு இந்தியராக இருக்கிறார்கள்.

13 மே

உள்ளூர்த் தமிழர், அழகப்பன் என்று பெயர். வங்கியில் பெரிய வேலை. வாசலிலேயே நின்றுகொண்டு போனில் காம்பஸைத் திறந்தார். "தெற்குப் பார்த்த வாசல். எமன் திசை" என்றார். எட்டிப் பார்த்தேன். போனை உலோகக் கதவோடு ஒட்டிப் பிடித்திருக்கிறார், ஊசி பேயாட்டம் ஆடுகிறது. கதவைவிட்டுத் தள்ளி நிற்கச் சொல்லி விளக்கினேன், காந்தப்புலம் வரைக்கும். எங்கள் வாசல் தென்கிழக்கு.

"நீங்க விக்கிறவரு. அப்படித்தான் சொல்லுவீங்க" என்று கிளம்பிவிட்டார்.

20 மே

சுத்த சைவக் குடும்பம். அந்த அம்மாள் சமையலறைக்குள் காலை வைக்காமல், "இங்கே மீன் சமைத்ததுண்டா?" என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டாள். நான் பொய் சொல்லத் தயாராக வாயைத் திறந்தேன். அதற்குள் நாற்காலியிலிருந்து அன்னம்மா, "நண்டும் உண்டு" என்றாள்.

27 மே

சீனத் தம்பதி ஒன்று. நேற்றுத்தான் கல்யாணம் ஆனதுபோல ஒட்டிக்கொண்டு வந்தார்கள். கோட்டா விஷயம் தெரியாமலே யாரோ சொல்லி வந்திருக்கிறார்கள். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கேட்ட விலைக்கே சரி, இன்றைக்கே சரி என்றார்கள். ருக்சார் விளக்கினாள். அந்தப் பெண்ணின் முகம் வாடிப்போனது. என் முகமும்.

வகுப்பில் இதை எத்தனை முறை வரைந்திருப்பேன்! ஒரு வட்டம் போட்டு, அப்பளத்தை ஒடிப்பது மாதிரி துண்டு துண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ணம். "மக்கள்தொகைக் கூட்டமைவு" என்று மேலே தலைப்பு. எந்தத் துண்டிலும் மூஞ்சி கிடையாது. பதினைந்து மதிப்பெண்.

1 ஜூன்

ஒண்ணாந்தேதி. நிரம்பியே இருக்கிறது.

10 ஜூன்

மலாய்க் குடும்பம். எல்லாம் பேசி முடிந்தது மாதிரித்தான். திரும்பிப் போகும்போது அந்தப் பெண் படியில் ஒரு நிமிடம் நின்றாள். ஏழு மாத வயிறு. புருஷனைப் பார்த்தாள். அவன் என்னைப் பார்த்தான். அவ்வளவுதான்.

17 ஜூன்

வாசல் மணி அடித்தபடி இருக்கிறது. யார் யாருக்கு யார் சொல்கிறார்களோ, பக்கத்துப் புளோக்குச் சீனர்கள் தங்கள் மகனுக்கு, தங்கைக்கு என்று வந்து கேட்கிறார்கள். ஒவ்வொருவரையும் உட்காரவைத்து விளக்கி, அவர்கள் "அய்யா, அப்படியா" என்று வருந்தி, நானும் வருந்தி, போதும் போதும் என்றாகிவிட்டது. இப்போது கேட்டைத் திறப்பதே இல்லை. கம்பி வழியாக ஒரே வாக்கியம்: "ஸாரி, சைனீஸ் கோட்டா ஃபுல், கேனாட்." அவர்கள் வாயைத் திறப்பதற்குள் சொல்லி முடித்துவிடுவேன். நல்ல பழக்கமாகிவிட்டது.

1 ஜூலை

இன்னும் நிரம்பியே இருக்கிறது. இந்தப் புளோக்கிலிருந்து ஒரு சீனக் குடும்பம் போய், அங்கே வேறு யாராவது வந்தால் வரம்பு தளரும் என்கிறாள் ருக்சார். எதிர்வீட்டுச் சீனக் கிழவர் இரண்டு நாளாக இருமுகிறார். எவ்வளவு மோசமான இருமல் என்று காது கொடுத்துக் கேட்டேன். சீ. என்ன மனுஷன் நான்?

8 ஜூலை, சனி

இன்றைக்கு வருவதாக இருந்தவர் இளமதி. தகப்பனார் பெயர் கோவிந்தசாமி. இந்தியர் கடைகள் நிறைந்த தேக்கா பக்கம் தையற்கடை வைத்திருக்கிறாராம், கணவர் இல்லை, பிள்ளை இல்லை. ருக்சாரிடம் போனில் அரைமணி நேரம் பேசினாராம். "என்ன தமிழ் சார்! நீங்க கேக்கணும்." அண்ணன் குடும்பம் அடுத்த தெருவில் இருப்பதால் இந்த வட்டாரமே வேண்டுமாம். படி ஏறுவதில் பிரச்சினை இல்லையாம், குடிமகள், கையில் வங்கி ஒப்புதல்கூடத் தயார். நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

மூன்றரைக்கே கேசரி ரெடி. அன்னம்மா குளியலறையில் இருந்தாள். மணி அடித்தது. பார்த்தால் இன்னொரு சீனப் பெண்மணி. அறுபது வயதிருக்கும், பருத்திச் சுடிதார். தேக்காவில் மலிவாகக் கிடைப்பதால் இப்போதெல்லாம் சீனர்களும் சுடிதார் போட ஆரம்பித்துவிட்டார்கள். செருப்பை வேறு கழற்றிவிட்டு உள்ளே வரத் தயாராக நிற்கிறாள்! என் வாக்கியத்தைச் சொன்னேன். "ஓ, இஸ் இட்?" என்றாள். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நாலு மணி. நாலரை. ஐந்து. இளமதியைக் காணோம். நம் ஆட்களுக்கு நேரம் என்பதே கிடையாது. வரமுடியவில்லை என்றால் ஒரு போன் போட்டால் குறைந்தா போய்விடும்? கேசரியை நானே தின்று தீர்த்தேன்.

8 ஜூலை, இரவு

ருக்சார் கூப்பிட்டாள்.

ஐயோ.

9 ஜூலை

அன்னம்மா என்னோடு பேசவில்லை. பேசாமலிருந்தால் பரவாயில்லையே, சன்னலைப் பார்த்துச் சொல்கிறாள்: "வீடு வாங்க வந்த மகராசியை வாசல்லேயே வெரட்டுனவரு, இந்தியா சீனான்னு ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்லிக்கிட்டுத் திரியறாரு."

எனக்குத் தெரியாத விஷயமா இது? அந்தக் காலத்தில் சீனக் குடும்பங்களில் பெண்ணாகப் பிறந்ததைத் தமிழ்க் குடும்பங்கள் வாங்கி வளர்த்தது ஊரறிந்த கதை. எங்கள் பழைய தெருவிலேயே அப்படி இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி தீமிதிக்குப் பால்குடம் எடுத்தாள். தெரிந்தவன்தான் செய்தேன். ஒரு வார்த்தை, "யாருங்க?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன?

இளமதி இனி வரமாட்டேன் என்று ருக்சாரிடம் சொல்லிவிட்டார்.

16 ஜூலை, ஞாயிறு

மன்னிப்புக் கேட்கப் போனோம். போனோம் என்று எழுதுகிறேனே — அன்னம்மாவும்தான் வந்தாள். "நீங்க தனியாப் போனா இன்னும் கெடுத்துட்டு வருவீங்க. ராஜீவைக் கூப்பிடுங்க. மூட்டையாவே போறேன்."

ராஜீவ் தூக்கினான். அவன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்க மூடியிருந்தாள். நான் பின்னால் நாற்காலியைச் சுமந்துகொண்டு இறங்கினேன். அவள் கண்ணை மூடியிருப்பதை நான் பார்த்தது அவளுக்குத் தெரியாது.

தேக்காவில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். இந்தியாவின் இடைநிலை வயது இருபத்தெட்டு என்று எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஞாயிறு மாலை இங்கே வந்து நின்றால் போதும், அந்த இருபத்தெட்டு வயதுகள் எல்லாம் பிளாஸ்டிக் பையும் போனுமாகப் புல்தரையில் உட்கார்ந்திருக்கும். இந்த ஊர்க் கட்டடங்களை எழுப்புவது அவர்கள்தான். அவர்களுக்கு எந்த வட்டத்திலும் துண்டு கிடையாது. இந்தியர் பெட்டியிலும் இல்லை, இதரர் பெட்டியிலும் இல்லை. வீட்டைக் கட்டலாம், கோட்டாவுக்கு மட்டும் வர முடியாது. கெர்பாவ் ரோட்டு நடைபாதையில் நாற்காலி ஏறாமல் திணறியபோது அவர்களில் இரண்டு பேர் வந்து, கேட்காமலே தூக்கி வைத்துவிட்டுப் போனார்கள்.

கடை சின்னதுதான். இளமதி தையல் மெஷினில் இருந்தார். தலையைத் தூக்கினார்.

"வாங்க வாத்தியாரே. கோட்டா தெறந்துருச்சா?"

தெரியாமல் நடந்துவிட்டது என்று ஆரம்பித்தேன்.

"தெரியாம இல்ல. தெரிஞ்சு போனதாலதான் நடந்துச்சு. மூஞ்சியப் பாத்தீங்க, எல்லாம் தெரிஞ்சுபோச்சு. அப்புறம் எதுக்கு நான் வாயத் தொறக்கணும்? பஸ்ஸுல, ஆஸ்பத்திரில, கோயில்லகூட என்கிட்ட இங்கிலீஷ்ல பேசுவாங்க. பழகிருச்சு. ஆனா ஒரு தமிழ் வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு நின்னவளைத் திரும்ப மாட்டிக்கிட்டுப் போக வச்சது நீங்க ஒருத்தர்தான்லா."

அன்னம்மா குஷியாகிவிட்டாள். "நல்லாத் திட்டுங்க. நான் ஒருத்தியே திட்டித் திட்டி வாய் வலிக்குது" என்றாள்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கப்புறம் அவர்கள் இரண்டு பேரும் பேசினார்கள், நான் ஓரமாக ஸ்டூலில் இருந்தேன். அப்பா கோவிந்தசாமி துறைமுகத்தில் வேலை பார்த்தவர். பக்கத்துச் சீன வீட்டில் ஐந்தாவதும் பெண், வேண்டாம் என்றார்கள். கோவிந்தசாமி வீட்டில் ஒரே பையன். பெண் வேண்டும் என்றார்கள். கைமாறியது அவ்வளவு எளிதாகத்தான். சீன மொழியில் விலை கேட்க மட்டும் தெரியுமாம், அதுவும் மார்க்கெட்டில் கற்றுக்கொண்டதாம்.

பேச்சுவாக்கில் அன்னம்மா நைட்டியிலேயே இருப்பதைப் பார்த்து ஏன் என்று கேட்டார். ஒரு கையால் ரவிக்கைக் கொக்கி மாட்ட வரவில்லை என்றாள் இவள். என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை! நைட்டிதான் வசதி என்பாள். இளமதி டேப்பை எடுத்து அங்கேயே அளவெடுத்தார். கொக்கிக்குப் பதில் வெல்க்ரோ வைத்துத் தருகிறேன், ஒரு கையால் அழுத்தினால் ஒட்டிக்கும் என்றார்.

கிளம்பும்போது, "வீட்டை எடுத்துக்கிறேன் வாத்தியாரே. உங்களுக்காக இல்ல" என்றார்.

22 ஜூலை

ருக்சார் பத்திரங்களோடு வந்தாள். இளமதியும் வந்தார், நான் கேட்டை அகலத் திறந்து வைத்துக்கொண்டு படி வரைக்கும் போய் நின்றேன். அந்த வரவேற்பைப் பார்த்து அன்னம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

ருக்சார் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஆன்ட்டி, இதுல சைனீஸ்னு இருக்கு."

"ஆமா. பொறந்தது அப்படித்தானே. எங்க பழைய வீடு இந்தியர் வீடுன்னுதான் எழுதியிருந்தாங்க."

பழைய வீடு கணவர் பெயரையும் சேர்த்து வாங்கியது. கணவர் இந்தியர், மனைவி சீனர் என்றால் குடும்பத்தை இரண்டில் ஒரு பெட்டியில் போடலாமாம். இந்தியரில் போட்டிருக்கிறார்கள். இப்போது கணவர் இல்லை. தனியாக வாங்கினால் அட்டையில் உள்ளதுதான் கணக்கு. இளமதி கோவிந்தசாமி என்ற பெயரைக் கேட்டுவிட்டு எந்த முகவராவது இனம் கேட்பாளா? ருக்சார் கேட்கவில்லை. மனு போடலாம்; எவ்வளவு நாளாகும் என்று சொல்ல முடியாது. ஆகஸ்ட் கடைசிக்குள் நடக்காது.

பிறகு இளமதி அட்டையைக் கைப்பைக்குள் வைத்தார்.

"அறுவது வருசமாத் தமிழச்சி நானு. உங்க வாசலுக்கு வந்தா மட்டும் சீனத்தி ஆயிடுறேன் வாத்தியாரே. ரெண்டு தடவை."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

என்ன கணக்குடா இது? ஒரு விதி போட்டா அதுக்குக் கண்ணு காது வேணாமா? இப்படி ருக்சாரிடம் கத்தினேன். அவள் நிதானமாக, "இந்த ரூல் இல்லன்னா ஒரு ஏரியா முழுக்க ஒரே ஆளுங்களாப் போயிரும் சார். எங்க வாப்பா சின்ன வயசுல அப்படித்தான் இருந்துச்சாம்" என்றாள். அதுவும் உண்மைதான். பொய்யாக இருந்தால் நிம்மதியாகத் திட்டியிருப்பேன்.

கோட்டா பார்க்கும் கணினியைத் திட்ட எனக்கென்ன யோக்கியதை? அது அட்டையைப் பார்த்தது, நான் மூஞ்சியைப் பார்த்தேன். அவர் வாயைத் திறக்கும்வரை காத்திருக்க இரண்டு பேருக்குமே பொறுமை இல்லை.

1 ஆகஸ்ட்

நிரம்பியே இருக்கிறது. எதிர்வீட்டுக் கிழவர் நன்றாக இருக்கிறார். படியில் பார்த்தபோது நலம் விசாரித்தேன், கொஞ்சம் அதிகமாகவே. பயந்துவிட்டார்.

9 ஆகஸ்ட், தேசிய தினம்

புளோக் முழுக்கக் கொடி. அணிவகுப்பைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். எல்லா இனத்துப் பிள்ளைகளும் அவரவர் உடையில் வந்து கையசைத்தார்கள். உறுதிமொழிக்கு அன்னம்மா வலது கையை நெஞ்சில் வைத்து முழுவதும் சொன்னாள்.

அது முடிவதற்குள் செங்காங் வீட்டுக்காரரின் செய்தி வந்தது. வேறு ஆள் வந்திருக்கிறாராம். வாக்குக் கொடுத்துவிட்டதால் மாதக் கடைசி வரை எனக்காகப் பார்ப்பாராம்.

அன்னம்மா கேட்டாள், சொன்னேன்.

"விட்டுருங்க. செங்காங் வேணாம். எனக்கு இந்த சன்னலு போதும்" என்றாள்.

போதுமாம்! எப்படிப் போதும்? சன்னலில் அவளுக்குத் தெரிவது கார் நிறுத்துமிடமும் குப்பைத்தொட்டியும். அதில் யார் எப்போது குப்பை போடுகிறார்கள் என்றுகூட அவளுக்கு அத்துப்படி. இவ இப்படிச் சொல்றவளே இல்லையே. எதுக்கும் சண்டை போடுறவதானே இவ? சண்டை போடு அன்னம்மா, நண்டும் உண்டுன்னு கத்து, என்னைத் திட்டு. போதும்னு மட்டும் சொல்லாதே. எனக்குப் பயமா இருக்கு.

12 ஆகஸ்ட்

மணி அடித்தது. இளமதி. "ரவிக்கை கொண்டாந்தேன். கூட ஆளும் கொண்டாந்தேன்" என்றார்.

பின்னால் ஒரு பெண்ணும் அவள் கணவனும். மரியா, ஜோயல். பிலிப்பீன்ஸிலிருந்து வந்து குடியுரிமை வாங்கிப் பல வருடமாகிறது. மரியா ஆஸ்பத்திரியில் தாதி. உடுப்பின் அளவைக் குறைப்பதற்கு இளமதி கடைக்குத்தான் வருவாளாம். வீடு தேடுகிறோம், போகிற இடமெல்லாம் கிடைக்கவில்லை என்று புலம்பினாளாம். "எனக்குத்தான் இடமில்ல. இவளுக்கு இருக்குமான்னு பாருங்க வாத்தியாரே" என்றார்.

படியைப் பற்றி நானே முந்திக்கொண்டு சொன்னேன். மரியா சிரித்தாள். வார்டில் ஆளையே தூக்குகிறேன், இது என்ன என்றாள். ஜோயல் மட்டும் கொஞ்சம் யோசித்தான். அவனை யார் கேட்டார்கள்?

ருக்சாருக்குப் போன் போட்டேன். தட்டிப் பார்த்தாள். மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது.

"குடிமக்கள். இதரர். ஓகே சார்."

ஓகே! ஆக மொத்தம், தமிழில் என்னையே வாயடைக்கவைத்த இளமதி சீனர். தமிழில் ஒரு வார்த்தை தெரியாத மரியா இந்தியர் பெட்டி. ஹைதராபாத்துக்காரர் இந்தியர், ஆனால் இடமில்லை. நான் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர், எனக்கு ஒன்றும் தெரியாது.

உள்ளறையிலிருந்து அன்னம்மா புது ரவிக்கையும் சேலையுமாக வந்தாள். சேலை கட்டிவிட்டது இளமதி. ரவிக்கையைத் தானே போட்டுக்கொண்டாளாம். அதை மூன்று முறை சொன்னாள்.

31 ஆகஸ்ட்

இரண்டு வீட்டுக்கும் கையெழுத்தாகிவிட்டது.

28 அக்டோபர், செங்காங்

சாமான்களோடு வந்துசேர்ந்தோம். புக்கிட் பாத்தோக் படியில் ராஜீவ் கடைசி முறையாகத் தூக்கினான். இந்த முறை கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா, விலையுயர்ந்த சாமான்" என்று அதிகாரம் பண்ணிக்கொண்டே இறங்கினாள். எதிர்வீட்டுக் கிழவர் வந்து வழியனுப்பினார். நாங்கள் போவதில் அவருக்கு உண்மையாகவே வருத்தம். அவர் கண்ணைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

மனு போட்டிருந்த இளமதிக்கு, பதில் வருவதற்குள் அண்ணன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வேறு புளோக்கில் வீடு அமைந்துவிட்டது. அங்கே சீனருக்கு இடமிருந்ததாம். "சீனத்தியா இருக்கிறதுல இப்பத்தான் ஒரு பிரயோசனம்" என்று போனில் சொன்னார்.

5 நவம்பர்

நிரஞ்சனா வந்து அம்மாவுக்கு மோட்டார் நாற்காலியை ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். சுவரில் இரண்டு இடிப்பு, என் காலில் ஒன்று. லிஃப்டில் பின்னோக்கி ஓட்டத்தான் வரவில்லை. தனியாகப் போகக்கூடாது, நான் கூட வருவேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவைத்திருக்கிறேன்.

24 நவம்பர், வெள்ளி

மதியம் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன். எழுந்து பார்த்தால் வீட்டில் அன்னம்மா இல்லை, நாற்காலி இல்லை, கேட் திறந்து கிடக்கிறது. போன் மேசையிலேயே இருக்கிறது. சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாகப் போடாமல் ஓடினேன். நிரஞ்சனாவின் வீட்டில் இல்லை. காப்பிக்கடையில் இல்லை. விளையாட்டு மைதானத்தில் இல்லை. ரயில் நிலையம் வரைக்கும் போய்விட்டு வந்தேன். சாலையைக் கடக்கும்போது ஏதாவது ஆகியிருந்தால்? மறுபடியும் அந்தப் பக்கவாதம் வந்திருந்தால்? யாரிடம் கேட்டாலும் என்ன அடையாளம் என்கிறார்கள். இந்தியப் பெண்மணி, சக்கர நாற்காலி, என்கிறேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. அன்னம்மா என்று ஒரு அடையாளம் போதாதா?

திரும்பி மாடிக்கு வந்து நிற்கிறேன், லிஃப்ட் திறக்கிறது. பின்பக்கமாக, எங்கும் இடிக்காமல், அவள் வெளியே வருகிறாள். தலையெல்லாம் காற்றில் கலைந்து, முகம் வெயிலில் கறுத்து.

"எங்கே போனே?" என்று கத்தினேன்.

"கீழே."

"கீழேன்னா எங்கே?"

"கீழேதாங்க" என்றாள். எனக்கு அதற்கு மேல் கத்த வரவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் என் சட்டைப் பொத்தானைப் பார்த்தாள், ஒரு கையால் அதைச் சரியாகப் போட்டுவிட்டாள்.

"நாளைக்கும் போவேன். தேடாதீங்க."